எலிக்குச் சிறுநீரக நோய் வருமா?

கேள்வி: ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் சிறுநீரக நோயை, இரண்டு மூன்று வருடமே வாழும் எலியிடம் எப்படி ஆராய்கிறார்கள்?

பதில்: நோயை வரவழைக்கிறார்கள். ஒரு சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிட்டு, மற்றதில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிடுவார்கள். அல்லது அதற்குப் போகும் ரத்தக்குழாய்க் கிளைகளைக் கட்டிவிடுவார்கள். எஞ்சிய துண்டு மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் ஒழுகும், சில வாரங்களில் வடிகட்டிகள் தழும்பேறிப்போகும். 1980களில் பாஸ்டனில் சிறுநீரக ஆய்வாளர் பேரி பிரென்னரின் குழு இத்தகைய எலிகளுக்கு எனலாப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தபோது சேதம் வெகுவாகக் குறைந்தது. அதே வகை மருந்தான கேப்டோப்ரில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பது 1993இல் உறுதியானது. எலி தந்த பெரிய கொடை இது.

தீனியில் அடினைன் என்ற வேதிப்பொருளைக் கலப்பது, நோயை வரவழைக்க இன்னொரு வழி. அது படிகமாகி நுண்குழாய்களை அடைத்துவிடும், கத்தியே வேண்டாம்.

ஆனால் ஆய்வகத்து எலி பெரும்பாலும் இளசு; நம் நோயாளியோ வயதானவர், சர்க்கரையும் இதயக்கோளாறும் சேர்ந்தவர். எலியிடம் பலித்த பல மருந்துகள் மனிதரிடம் பலிக்காததற்கு இது முக்கியக் காரணம் என்பேன். முதிய வீட்டுப் பூனைகளுக்கு இந்நோய் தானாகவே வருகிறது. அவற்றுக்குச் சிகிச்சை அளித்தபடியே கற்கும் ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.