குளிர்காலத்தில் நீஸ்: வெயில் பக்கமாகவே நட!

தங்கச்சி, பிப்ரவரியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீஸ் போகிறாய் என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "குளிர்காலத்தில் யாராவது கடலோர ஊருக்குப் போவார்களா?" என்று உன் ஆபீஸில் கேட்டார்களாமே. பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் அந்த ஊர் பெரிதானதே குளிர்காலத்தால்தான். தங்கள் ஊர்ப் பனிமூட்டம் தாங்காத ஆங்கிலேயப் பணக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே குளிருக்கு அங்கே வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். கடலை ஒட்டி நீளும் பெரிய நடைபாதையை 1820களில் போட ஆரம்பித்ததும் அவர்கள்தான். இன்றைக்கும் அதன் பெயர் 'ஆங்கிலேயர் நடைபாதை'. குளிர்கால விருந்தாளிகளுக்காக உருவான ஊர் என்றுதான் 2021இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வெயிலைக் கண்டால் நிழலுக்கு ஓடியே நமக்குப் பழக்கம். அங்கே அதை அப்படியே திருப்பிப் போடு. பகலில் 12, 13 டிகிரி இருக்கும். ராத்திரி 5, 6க்கு இறங்கும். வெயிலில் நின்றால் இதமாக இருக்கும், பத்தடி தள்ளி நிழலுக்குப் போனால் ஊட்டிக் குளிர் அடிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விசாவை நவம்பரிலேயே ஆரம்பி

பிரான்ஸுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை தள்ளிப்போடாதே. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். அம்மாவுடையதை இன்றே எடுத்துப் பார்.

பாரிஸில் விமானம் மாறினால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். அம்மா வேகமாக நடக்க மாட்டாள். இரண்டு விமானத்துக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். வீல்சேர் உதவி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடு. நீஸில் இறங்கியதும் டாக்ஸி தேட வேண்டாம்; விமான நிலையத்திலிருந்தே இரண்டாம் எண் டிராம் ஊருக்குள் வருகிறது.

அறை தெற்குப் பார்த்ததா என்று கேள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் தடவை போனபோது விலை மலிவு என்று பழைய நகரத்துச் சந்து ஒன்றில் அறை எடுத்தேன். சந்து அழகுதான். ஆனால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பகல் முழுக்க அறைக்குள் ஒரு கீற்று வெயில் வரவில்லை. தரையில் டைல்ஸ், காலை வைத்தால் ஐஸ். ஹீட்டர் பேருக்குத்தான் இருந்தது.

அதனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டு: ஜன்னல் தெற்குப் பார்த்ததா, ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா, லிஃப்ட் உண்டா. பழைய கட்டடம் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்காலை நினைத்துக்கொள். பிப்ரவரி அங்கே கார்னிவல் மாதம், அறை வாடகை ஏறும். சீக்கிரம் பதிவு செய்துவிடு.

பெட்டியில் என்ன வைப்பது?

• தடிமனான ஒரே ஸ்வெட்டரை நம்பாதே. உள்ளே மெல்லிய தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஒரு கோட்டு. வெயிலில் கழற்று, நிழலில் போடு. அம்மா புடவைதான் கட்டுவாள் என்றால் உள்பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், காலில் சாக்ஸும் ஷூவும்.

• அறைக்குள் நடக்க, அடிப்பக்கம் வழுக்காத கெட்டி சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி.

• தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடும். சருமத்துக்கு நல்ல க்ரீம் எடுத்துக்கொள்.

• நெய், பால்கோவா வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும்.

பகலை வெயிலோடு ஓட்டு

காலையில் அவசரமே வேண்டாம். பத்து மணிக்கு மேல் கிளம்பினால் போதும். முதலில் கடற்கரை நடைபாதை. அங்கே மணல் கிடையாது, எல்லாம் உருண்டைக் கூழாங்கல். அம்மாவை அதில் இறக்காதே. நடைபாதை மேலேயே நீல நிற நாற்காலிகள் இருக்கும், உட்கார வை. அலை பெரிதாக அடிக்கிற நாளில் கல்லே மேலே வந்து விழும், அன்றைக்குத் தள்ளியே நில்.

கோட்டைக் குன்றுக்கு லிஃப்ட் இருக்கிறது. மேலிருந்து ஒரு பக்கம் நீலக் கடல், வானம் தெளிந்திருந்தால் இன்னொரு பக்கம் பனி மூடிய ஆல்ப்ஸ். நடுப்பகல் 12க்கு அந்தக் குன்றில் தினமும் வெடி போடுவார்கள். பயப்படாதே, அதுதான் ஊருக்கே சாப்பாட்டு மணி. பழைய நகரத்துச் சந்துகளை வெயில் உச்சியில் இருக்கும்போதே பார்த்துவிடு. பிப்ரவரியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்; அதற்கு முன்பே அறைக்கு வந்துவிடுங்கள்.

சைவத்துக்குக் கவலை இல்லை, கவனம் வேண்டும்

மதியச் சாப்பாடு 12லிருந்து 2 வரைதான். அதற்குப் பிறகு போனால் பல கடைகளில் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவில் ஏழு மணிக்கு மேல்தான் மறுபடி.

அம்மாவுக்கு முதலில் சோக்கா வாங்கிக் கொடு. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். வண்டிச் சக்கரம் போன்ற தாம்பாளத்தில் மாவை ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று வரும். சுரண்டி எடுத்துக் காகிதத்தில் போட்டு மேலே மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஆறவிடாமல் கையாலேயே சாப்பிட வேண்டும். நம் வீட்டுக் கடலை மாவு தோசையின் அக்கா என்றே அம்மா சொல்லுவாள்.

ஆனால் பிஸ்ஸலாதியேர் என்ற வெங்காய ரொட்டியில் நெத்திலி இருக்கும். பார்த்தால் வெறும் வெங்காயம் மாதிரிதான் தெரியும். "சான் வியாண்ட், சான் புவாஸோன்" என்றால் கறி இல்லாமல், மீன் இல்லாமல். இதை மனப்பாடம் செய்துகொள். எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் "பொன்ஷூர்" சொல். சொல்லாமல் பேச ஆரம்பித்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

கிழமை பார்த்துப் போ

கூர் சலேயா சந்தையில் பூவும் காய்கறியும் பார்க்கத் திங்கட்கிழமை போகாதே, அன்று பழம்பொருள் சந்தை. ஓவியர் மத்தீஸ் 1917இல் குளிருக்கு வந்து, அந்த ஒளியிலேயே கட்டுண்டு, கடைசி வரை பெரும்பாலும் நீஸிலேயே இருந்துவிட்டார். சிமியே குன்றில் இருக்கும் அவர் அருங்காட்சியகத்துக்கும், இன்னொரு ஓவியரான ஷகாலின் அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய் விடுமுறை.

ஒரு பகலை மாந்தோனுக்கு ஒதுக்கு. இத்தாலி எல்லை ஊர், ரயிலில் சுமார் 40 நிமிடம். போகும்போது வலப்பக்கம் உட்கார், கடல் கூடவே வரும். பிப்ரவரியில் அங்கே எலுமிச்சைத் திருவிழா. எலுமிச்சையாலும் ஆரஞ்சாலும் ஆளுயரத்துக்கு மேல் உருவங்கள் கட்டி நிறுத்தியிருப்பார்கள். வழியெல்லாம் மிமோசா மஞ்சளாகப் பூத்திருக்கும். நீலகிரியில் வாட்டில் என்கிறார்களே, அதே மரம்தான். இரண்டு இடத்துக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.

எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடாதே. நம்மை வளர்த்த நாளெல்லாம் வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க ஓடியவள் அவள். ஒரு மதியமாவது அந்த நீல நாற்காலியில் கடலைப் பார்த்து, வெயில் முகத்தில் பட, சும்மா உட்காரட்டும். பக்கத்தில் நீயும் உட்கார்.