எந்த ஆபீஸில் ஜூனியராகச் சேரலாம்? அக்காவின் டிப்ஸ்

சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் முடிக்கப்போகும் தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, ரெண்டு இடத்துல வரச் சொல்லியிருக்காங்க. ஒண்ணு நுங்கம்பாக்கத்துல பெரிய லா ஃபர்ம், நல்ல காசு. இன்னொண்ணு தம்புச் செட்டித் தெருவுல ஒரு சீனியர் ஆபீஸ். ஸ்டைபண்ட் பத்தி அவர் வாயே திறக்கல. எங்க போறது?"

"காசு வர்ற இடத்துக்குப் போ" என்று மாமா சொல்வார். "கோர்ட்டுக்குப் போகாதவன் வக்கீலா?" என்று பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வக்கீல் சொல்வார். இரண்டையும் காதில் வாங்கிக்கொள், முடிவை மட்டும் நீ எடு. முதல் இரண்டு வருடத்தில் உன் கையால் என்ன வேலை செய்யப்போகிறாய்? நீ எழுதியதை யார் உட்கார்ந்து திருத்தப்போகிறார்கள்? இந்த இரண்டும் தெரியாமல் எந்த ஆபீஸுக்கும் சரி சொல்லாதே. ஏசி, விசிட்டிங் கார்டு, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை எல்லாம் அதற்கு அப்புறம்.

சேர்வதற்கு முன் வேவு பார்

ஒரு காலத்தில் சென்னை சட்டக் கல்லூரி ஹைகோர்ட் வளாகத்திலேயே இருந்தது. வகுப்பைக் கட் அடித்தால்கூட ஏதாவது ஒரு கோர்ட் ஹாலில் போய் நிற்கலாம். 2018-ல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. அதனால் இன்றைக்குப் படித்து முடிக்கும் பலருக்கு எந்த வக்கீல் எப்படி வாதாடுவார் என்று கண்ணால் பார்த்த அனுபவமே கிடையாது. அந்தக் குறையை நீயே சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீலின் பெயரைப் போட்டு வழக்குகளைத் தேடும் வசதி இருக்கிறது. உன்னைக் கூப்பிட்ட சீனியரின் பெயரைப் போட்டுப் பார். ரிட் மனுவா, சொத்து வழக்கா, செக் மோசடியா, ஜாமீன் மனுக்களா என்று வரிசையாக வரும். "எல்லா மேட்டரும் பண்ணுவோம்மா" என்று அவர் சொன்னதற்கும் பட்டியலுக்கும் எவ்வளவு தூரம் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வழக்குகள் எந்த நிலையில் நிற்கின்றன என்பதையும் பார். வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கிறதா, சாட்சி விசாரணை நடக்கிறதா, தீர்ப்பு வருகிறதா?

அப்புறம் அந்த வழக்குகளில் ஒன்று வரும் நாளில் காஸ் லிஸ்ட்டைப் பார்த்துக் கோர்ட் ஹாலின் பின்வரிசையில் போய் உட்கார். நீ கவனிக்க வேண்டியது சீனியரை அல்ல, அவர் பின்னால் நிற்கும் ஜூனியரை. நீதிபதி ஒரு தேதி கேட்டால் அந்த ஜூனியருக்குக் கட்டு பிரிக்காமல் சொல்லத் தெரிகிறதா? சீனியர் திரும்பி ஒரு ஆவணத்தைக் கேட்கிறாரா, இல்லை கட்டையே பிடுங்கிக்கொள்கிறாரா? நாலு வருடம் ஆன ஜூனியர், "சீனியர் பக்கத்து கோர்ட்ல இருக்காங்க, பாஸ் ஓவர் வேணும்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை என்றால், நாலு வருடம் கழித்து நீயும் அதைத்தான் பேசிக்கொண்டிருப்பாய்.

இதைவிடப் பெரிய உண்மை, அந்த ஆபீஸை விட்டுப் போனவர்களிடம் இருக்கிறது. இப்போது அங்கே இருப்பவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள். வெளியே வந்தவர்களைத் தேடிப் பிடித்துக் காபி வாங்கிக் கொடு. "ஏன் விட்டீங்க?" என்று மட்டும் கேட்காதே. "நீங்க எழுதின டிராஃப்ட்டை யார் திருத்துவாங்க?" என்று கேள். பதில் சொல்லுமுன் அவர்கள் சிரித்தார்களென்றால் குறித்துக்கொள்.

பெரிய ஃபர்ம் என்றால்...

பெரிய ஃபர்மில் "அசோசியேட்" என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் எந்த டீம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார்ப்பரேட் டீம் என்றால் கம்பெனி வாங்குவது விற்பது, ஒப்பந்தம், டியூ டிலிஜென்ஸ். நூற்றுக்கணக்கான ஆவணங்களைப் படித்து, எங்கே சிக்கல் இருக்கிறது என்று அட்டவணை போடுவதில் முதல் வருடம் போய்விடும். அலுப்பான வேலைதான். ஆனால் நீ எழுதிய ஒவ்வொரு வரியையும் உனக்கு மேலே இருப்பவர் சிவப்பு மையில் கிழித்துத் திருப்பி அனுப்புவார். அந்தப் பயிற்சி சின்ன ஆபீஸ்கள் பலவற்றில் கிடைக்காது. டீல் முடியும் வாரத்தில் ராத்திரி, ஞாயிறு எதுவும் உன்னுடையதாக இருக்காது என்பதையும் தெரிந்தே போ.

இன்டர்வியூவில் "நான் எந்தப் பார்ட்னருக்கு வேலை செய்வேன்?" என்று கேட்கத் தயங்காதே. ஃபர்மின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உன் வாழ்க்கை அந்த ஒரு பார்ட்னரின் கையில்தான். அவர் வேறு ஃபர்முக்குப் போனால் டீமே கூடப் போய்விடுவதும் உண்டு. நாட்டின் மிகப் பெரிய ஃபர்ம்களில் ஒன்றாக இருந்த அமர்ச்சந்த் மங்கள்தாஸே 2015-ல் சிரில், ஷார்துல் என்று அண்ணன் தம்பி பெயரில் இரண்டாகப் பிரிந்தது.

கோர்ட் ஆசையும் உண்டு, மாதச் சம்பளமும் வேண்டும் என்றால் ஃபர்மின் வழக்கு டீமைக் கேள். 2016-ல் திவால் சட்டம் வந்ததிலிருந்து ராஜாஜி சாலையில் இருக்கும் என்சிஎல்டி-யில் இந்த டீம்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய வழக்கு என்றால் வாதாட வெளியிலிருந்து சீனியர் அட்வகேட்டை வைப்பார்கள். நீ நோட்ஸ் எடுத்துக் கொடுப்பாய். வாய் திறக்கும் வாய்ப்பு மெல்லத்தான் வரும்.

சீனியர் ஆபீஸ் என்றால்...

கோர்ட் "சீனியர் அட்வகேட்" என்று அந்தஸ்து கொடுத்தவரின் சேம்பர் ஒரு வகை. அவர்கள் வக்காலத்து போடக் கூடாது, கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கு வாங்கக் கூடாது. வேறு வக்கீல் தயாரித்த கட்டுதான் அங்கே வரும். சட்டம் தேடுவது, வாதக் குறிப்பு எழுதுவது, பெரிய வாதங்களைப் பக்கத்திலிருந்து கேட்பது எல்லாம் அங்கே பிரமாதமாகக் கிடைக்கும். ஒரு பிராது எப்படி எழுதுவது, ஃபைலிங்கில் ரிட்டர்ன் ஆன கட்டை எப்படிச் சரிசெய்து திரும்பப் போடுவது, அழுதுகொண்டு வரும் கட்சிக்காரரிடம் தேதிவாரியாகக் கதையை எப்படி வாங்குவது என்பதெல்லாம் கிடைக்காது. அதனால் தொழிலின் முதல் படியாக அதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடம் கட்டு சுமந்துவிட்டுப் போனால் அதன் அருமை தெரியும்.

முதல் ஆபீஸுக்கு என் ஓட்டு, நாலைந்து ஜூனியர்களும் அனுபவப்பட்ட ஒரு குமாஸ்தாவும் இருக்கும் நடுத்தர ஆபீஸுக்குத்தான். சிட்டி சிவில் கோர்ட், ஹைகோர்ட், எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட் என்று கலந்து போகும் ஆபீஸாக இருந்தால் இன்னும் நல்லது. ஹைகோர்ட்டில் பெரும்பாலும் அஃபிடவிட்டை வைத்துத்தான் வாதம் நடக்கும். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதை விசாரணை நீதிமன்றத்தில்தான் கற்க முடியும். இதே காரணத்துக்காக, மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்கள் சென்னைக்கு வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வதில்லை. ஊர் மாவட்டக் கோர்ட்டில் நல்ல சிவில் வக்கீலிடம் இரண்டு வருடம் இருந்துவிட்டு மதுரை பெஞ்ச்சுக்குப் போவது கெட்டிக்காரத்தனமான வழி. 2004-லிருந்து அந்த பெஞ்ச் இருக்கிறது.

காசு விஷயம்

கூச்சப்படாமல் கேள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று வக்கீல்களுக்கு அறிவுறுத்தும்படி 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் பார் கவுன்சிலுக்குச் சொன்னது. அதே வருடம் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. அதனால் எல்லா ஆபீஸும் கொடுத்துவிடும் என்று நம்பாதே. ஆனால் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று உனக்கு இப்போது தெரியும்.

தொகையோடு கிளைக் கேள்விகளையும் கேள். மே மாத விடுமுறையில் ஸ்டைபண்ட் உண்டா? ஜெராக்ஸ், கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு, ஆட்டோ எல்லாம் யார் செலவு? மாதக் கடைசியில் கணக்குக் கொடுத்தால் திரும்ப வருமா? கையில் 20,000 கொடுத்துவிட்டு 3,000 ரூபாயை ஜெராக்ஸ் கடையில் கரைக்க வைக்கும் ஆபீஸ்கள் உண்டு.

ஃபர்மில் கொடுப்பது பெரும்பாலும் சம்பளம் அல்ல, ரீட்டெய்னர். முழுநேரச் சம்பள ஊழியர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கொடுப்பார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி இருக்காது. வருமான வரி ரிட்டர்ன் போட்டால் பிடித்ததில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்ப வரக்கூடும். போடாமல் விட்டுவிடாதே.

பெண்ணாகப் போகும்போது

இதை யாரும் உனக்கு எழுதித் தர மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே இருந்த பெண் ஜூனியர் யாராவது உண்டா என்று விசாரி. கான்ஃபரன்ஸ் எத்தனை மணிக்கு முடியும், வீட்டிலா ஆபீஸிலா என்று கேள். பாரிமுனையின் பழைய கட்டடங்களில் ஆபீஸ் என்றால் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வா. சிரிக்காதே, பார்த்துவிட்டு வா. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் வருடச் சட்டம். சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். முதல் சந்திப்பிலேயே "கல்யாணம் எப்போ?" என்று கேட்கும் ஆபீஸை நான் பட்டியலின் கடைசியில் வைப்பேன்.

கேட்க மறக்கும் சில

வக்காலத்தில் உன் பெயர் வருமா? உத்தரவு நகலில் உன் பெயர் ஏறினால்தான் நாளை நீ செய்த வேலைக்குச் சாட்சி. சொந்தமாக வழக்கு எடுக்கலாமா? ஃபர்மில் பெரும்பாலும் முடியாது, சீனியர் ஆபீஸில் பெரும்பாலும் முடியும். அத்தை வீட்டு வாடகைத் தகராறுதான் பலருக்கு முதல் கேஸ்.

நீதிபதி ஆகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் சான்று தரலாம், அதை நீதிமன்ற அதிகாரி மேலொப்பமிட வேண்டும். கம்பெனி வேலைக்குப் போனால் அந்தக் கணக்கு நின்றுவிடும். முதல் வருடத்திலிருந்தே ஆஜரான வழக்குகளை ஒரு நோட்டில் எழுதி வை.

என்ரோல்மென்ட் கட்டணம் சட்டப்படி 750 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125. அதற்கும் முத்திரைத் தீர்வைக்கும் மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. என்ரோல் ஆன இரண்டு வருடத்துக்குள் பார் தேர்வையும் எழுதி முடித்துவிடு.

முடிவெடுத்ததும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆபீஸுக்கும் அன்றைக்கே போன் செய்து மரியாதையாகச் சொல்லிவிடு. அடுத்த மாதமே அந்த சீனியர் எதிர்த்தரப்பு வக்கீலாக உனக்கு எதிரே நிற்பார்.