மறுதலைக்கு முன்

அன்புள்ள பிள்ளைக்கு,

செப்டம்பரில் இருந்து கனடாவின் ஸ்காபரோவில் பதினோராம் வகுப்புக்கு உலகச் சமயங்களும் பன்னிரண்டாம் வகுப்புக்கு மெய்யியலும் படிப்பிக்கப் போகிறீர் என்று உம்முடைய கடிதத்தில் வாசித்ததும் நெஞ்சு நிறைந்தது. "நான் சைவக்காரி. மற்றச் சமயங்களைப் படிப்பிக்க எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்றும் கேட்டிருக்கிறீர். இருக்கிறது. ஒன்றை நம்பி வாழ்வது எப்படியிருக்கும் என்று உமக்குத் தெரியும். அது தெரியாதவருக்கு இந்தப் பாடம் வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் நான் உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகமும் அளவையியலும் படிப்பித்த காலம். ஒரு பின்னேர வகுப்பில் பௌத்தரின் சூனியவாதம் வந்தது. 'எல்லாம் சூனியம் என்றால் அதைச் சொல்லுகிற வாயும் சூனியம்தானே' என்று ஒரே வரியில் அதை விழுத்திவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனேன். பின்வாங்கில் இருந்து ஒரு பெடியன் எழும்பினான். "சேர், இவ்வளவு சுகமாக விழுகிற கொள்கையை எப்படி அத்தனை நூற்றாண்டாக அத்தனை பேர் நம்பினார்கள்?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

பல காலத்துக்குப் பிறகுதான் அந்தச் சூனியவாதத்தின் ஆசான் நாகார்ஜுனரைத் தேடி வாசித்தேன். நான் சொன்ன அதே மறுப்பை, தன் விக்கிரகவியாவர்த்தனி என்ற நூலின் தொடக்கத்திலேயே எதிராளியின் வாயில் வைத்து, அதற்கு அவர் பதிலும் எழுதியிருக்கிறார். அவருக்குச் சூனியம் என்றால் 'ஒன்றுமில்லை' அல்ல. எந்தப் பொருளும் பிறவற்றைச் சாராமல் தானாக நிற்பதில்லை என்பதுதான். நான் விழுத்தியது நானே கட்டிய வைக்கோல் பொம்மையை. அந்தப் பெடியனிடம் இதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் உமக்கு எழுதுகிறேன்.

எதிராளியின் கொள்கையை நேர்மையாக எடுத்துச் சொல்ல நம் சைவத்தில் ஒரு முறை இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியார், அந்நூலில் பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கத்தில் உலகாயதனில் தொடங்கிப் பதினான்கு தரப்பாரை நிறுத்துகிறார். ஒவ்வொருவருக்கும் முதலில் 'மதம்', அதாவது அவருடைய கொள்கை; அதன் பிறகே 'மறுதலை', அதாவது மறுப்பு. வெல்ல வேண்டும் என்றே எழுதியவர் அவர். அவரே எதிராளிக்கு முதற் பேச்சைக் கொடுத்தார். உமக்கோ வகுப்பில் வெல்வதற்கு எதுவும் இல்லை.

ஆகவே முதல் மாதத்திலேயே ஒரு ஒப்படை கொடும். தனக்கு அறவே பிடிக்காத ஒரு கொள்கையை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். அந்தக் கொள்கைக்காரர் வாசித்து, "ஓம், இதைத்தான் நான் சொல்கிறேன்" என்று கையெழுத்துப் போடும்படி இருக்க வேண்டும். மறுப்பு ஒரு சொல்லும் வரக்கூடாது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் கூடக் கஷ்டப்படுவார்கள்.

நீர் நிற்கப்போகிற வகுப்பறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒருகாலத்தில் ஒன்ராறியோவின் பொதுப் பாடசாலைகளில் காலையில் கிறிஸ்தவ செபம் சொல்லப்பட்டது. விரும்பாத பிள்ளை விலகியிருக்கலாம் என்று விதி இருந்தது. சட்பரிப் பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 1988இல் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் செப விதியைத் தள்ளியது. விலக்கே பிள்ளையைத் தனித்துக் காட்டித் தண்டிக்கிறது என்று கண்டது. 1990இல் எல்ஜின் மாவட்ட வழக்கில், பொதுப் பாடசாலை ஒரு சமயத்தைப் புகட்டக்கூடாது, சமயங்களைப் பற்றிப் படிப்பிக்கலாம் என்ற கோடு தெளிவானது. கத்தோலிக்கக் கல்விச்சபைகளின் நிலை வேறு; அவற்றின் உரிமைக்கு 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே வேர் இருக்கிறது.

வெளியே அனுப்பாமலும் ஒரு பிள்ளையைத் தனித்துக் காட்டலாம். முக்காடு போட்ட பிள்ளையைப் பார்த்து, "இஸ்லாம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?" என்று கேட்டால் அதுதான் நடக்கும். பதினாறு வயதுப் பிள்ளை ஒரு சமயத்தின் பிரதிநிதி அல்ல. அவள் தானாகக் கை உயர்த்தினால் கேளும். உயர்த்தாவிட்டால் நூலைத் திறவும்.

இனி நீர் கேட்காத ஒன்று. இந்து சமயத்துக்கு வரும்போது சாதி வரும். நாலு வருணங்களைப் படமாகப் போட்டுக் காட்டி முடித்துவிடாதீர். அது நம்மூர்ச் சாதியே அல்ல. நம் சமயத்தின் மானம் காக்க என்று மறைத்தும் விடாதீர். 2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை சாதிப் பாகுபாட்டை ஒரு பிரச்சினையாக ஏற்று, மாகாண மனித உரிமை ஆணைக்குழுவின் உதவியைக் கேட்கத் தீர்மானித்தது. அப்போது நம்மவரிலேயே பலருக்கு மனம் நொந்தது. அவர்களுடைய அச்சத்தையும் வகுப்பில் நேர்மையாகச் சொல்லும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் முன் தங்கள் பிள்ளை தலைகுனிய வேண்டிவருமே என்ற அச்சம் பொய்யானதல்ல.

ஆனால் 'மதத்தை அதன் ஆள் ஒப்புமாறு சொல்' என்று மேலே எழுதினேனே, இங்கே அந்த ஆள் யார்? 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், சாதியால் வெளியே நிறுத்தப்பட்ட சனங்கள் உள்ளே வந்து கும்பிடும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். உள்ளே நின்று வழி மறித்தவர்களும் சைவர்கள். வெளியே நின்றவர்கள் கேட்டதும் அதே முருகனைத்தான். சைவம் என்னவென்று சொல்ல இரண்டு பேருக்கும் உரித்து உண்டு. முதலாமவர் எழுதி வைத்தது நிறைய. இரண்டாமவருடைய பக்கத்தை நீர் தேடி எடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும். எனக்கு இது விளங்க ஐம்பது வயது ஆனது.

பெற்றோர் சந்திப்பு மாலையில் ஒரு தமிழ் அம்மா வந்து, "ரீச்சர், இந்தப் பாடம் யூனிவேர்சிற்றிக்கு உதவுமோ?" என்று கேட்பார். கோபப்படாதீர். இரண்டு வேலை செய்து பிள்ளையைப் படிப்பிக்கிறவராக இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு மெய்யியல் பல்கலைக்கழகத்துக்கு எண்ணுகிற ஆறு பாடங்களில் ஒன்றாக இருக்கலாம் என்று முதலில் சொல்லும். பிறகு பிள்ளை எழுதிய அந்த ஒரு பக்கத்தை அவர் கையில் கொடும். ஆங்கிலத்தில் வாசிக்கச் சிரமப்பட்டால், பக்கத்தில் இருந்து நீரே தமிழில் சொல்லிக் காட்டும்.

அன்புடன்,
உம்முடைய பழைய சேர்