ஊசிமுனையில் ஓம் விதி

முதுகெலும்பில் திருகாணி பொருத்தும் மருத்துவரை எண்ணிப் பாருங்கள். சிறு துளை வழியே கருவி உள்ளே செல்கிறது. அதன் முனை எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் காண முடியாது. மெல்லிய எலும்புச் சுவர் ஒன்றைத் தாண்டினால் தண்டுவடமும் நரம்புகளும் உள்ளன. சில மில்லிமீட்டர் பிசகினால் நோயாளியின் கால்கள் செயலிழக்கவும் கூடும். எக்ஸ் கதிர்ப் படம் வழி காட்டும். ஆனால் எடுக்குந்தோறும் கதிர்வீச்சு உடலில் பாயும். இவ்விடத்தில் துணைக்கு வருவது, நாம் ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்கும் ஓம் விதியே.

திசுக்கள் யாவும் மின்சாரத்தை ஒரே அளவில் கடத்துவதில்லை. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் என்று கொண்டால், இரத்தத்தின் தடை ஏறத்தாழ 150 ஓம். மூளைத் தண்டுவட நீருக்குச் சுமார் 60 ஓம். கொழுப்புக்கும் கெட்டியான எலும்புக்கும் அது ஆயிரங்களில் இருக்கும்.

தடை மட்டுமன்று, செல்லின் சவ்வு ஒரு மின்தேக்கி போன்றது. குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செல்களைச் சுற்றிச் செல்லும். அதிர்வெண் மிகுந்தால் சவ்வைக் கடந்து ஊடே செல்லும். 1925ஆம் ஆண்டில் ஹியூகோ ஃப்ரிக் என்னும் அறிஞர், சிவப்பணுக்கள் மிதக்கும் நீர்மத்தின் மின்தேக்குத் திறனை அளந்து, சவ்வின் தடிப்பு சுமார் 3.3 நானோமீட்டர் எனக் கணக்கிட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கி பிறவாத காலம் அது!

ஆகவே கருவியின் முனையில் மின்முனைகளை அமைத்து, சிறிதளவு மாறுதிசை மின்னோட்டம் செலுத்தினால், முனை தொடும் திசுவின் தன்மை புலப்படும். பிரான்சு நாட்டு ஸ்பைன்கார்டு நிறுவனத்தின் ‘பெடிகார்டு’ இவ்வகைக் கருவி. கெட்டி எலும்பில் அதன் ஒலி தாழ்ந்து மெதுவாக வரும். எலும்பைத் தாண்டி மென்திசுவை நெருங்கினால் ஒலி உயர்ந்து விரைந்து எச்சரிக்கும். மருத்துவர் கண்ணை எடுக்காமலே காதால் அறிகிறார்.

எனினும் எண் ஒன்றே திசுவின் பெயரைச் சொல்லிவிடாது. முனையைச் சுற்றி இரத்தம் கசிந்தாலும் அளவு மாறும்; தசையில் இழைவாக்கில் ஓர் அளவு, குறுக்கே வேறோர் அளவு. அளவு எங்கே சட்டென மாறுகிறது என்பதையே நோக்க வேண்டும். முடிவு செய்வது மருத்துவரின் அறிவே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். “முள் காட்டும் எண்ணை எழுதி என்னப்பா ஆகப் போகிறது?” என்று என் தந்தை கேட்பதுண்டு. அந்த எண்ணை நம்பி ஒருவர் எழுந்து நடக்கிறார் என்பதே அவருக்கு நான் சொல்லும் விடை. நண்பர்களே, அடுத்த முறை அம்மீட்டரின் அளவைக் குறிக்கும்போது சற்றுக் கவனமாகக் குறிப்போம்.