கை தூக்கிய இருவர்

தாகேதா, ரங்கூன்

அன்புள்ள பேரனுக்கு,

உங்கள் மகல்லாக் கூட்டத்தில் நீ எடுத்துரைத்த நியாயத்துக்குக் கை தூக்கியவர் இருவரே என்று மனம் கசந்து, இனிப் பொதுக்காரியமே வேண்டாமென நீ எழுதிய கடிதத்தை, மழைத்தண்ணீர் வாசற்படியைத் தொட்டு நின்ற நேற்றிரவு, இஷாவுக்குப் பிறகு இரண்டு முறை படித்தேன்.

படித்ததும் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களின் நினைவே வந்தது. அவரை நீ பெயரளவில் அறிவாய். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பி.ஏ. பரீட்சையைத் துறந்தவர்; தோல் வியாபாரம் அறிந்தவர். பிரிவினைக்குப் பின், முஸ்லிம் லீக் என்ற பெயரே அபவாதத்துக்கு இடமாயிருந்த காலத்தில், கலைத்துவிடுமாறு தம்மவரே சிலர் வற்புறுத்தியும் இணங்காமல், 1948 மார்ச் 10ஆம் தேதி சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை நிறுவினார். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில், எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடுமாறு நிர்ப்பந்திக்கப்படலாகாது என்று அவர் கொண்டுவந்த திருத்தம் நிராகரிக்கப்பட்டது. சபையின் பலாபலம் அறியாதவரா அவர்? அறிந்தே எழுந்தார், ஆத்திரமின்றிப் பேசினார், அப்பேச்சு சபைக் குறிப்பில் இன்றளவும் இருக்கிறது. மறு வருஷம் ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே ஆட்சிமொழியாகும் உரிமை என்று வாதாடியவரும் அவரே. சிறுபான்மையின் பிரதிநிதி தன் சமூகத்தின் குறைகளை மாத்திரமே பேச வேண்டும் என்று எண்ணாத அந்த விசாலத்தையே நான் அவரிடத்தில் மிகப் பெரிதாக மதிக்கிறேன். மலையாளம் பேசும் மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை 1962 தொடங்கி மும்முறை லோக்சபைக்கு அனுப்பியதில் எனக்கு வியப்பில்லை.

கிடைக்காதென்று தெரிந்தும் கேட்டுப் பதிந்துவைக்கும் அந்தக் குணத்தை நான் வீட்டிலும் கண்டேன். 1964இல் இங்கே பர்மாவில் கடைகள் தேசியமயமானபோது, என் அத்தா சரக்குப் பட்டியலை ஒரு பியாவும் பிசகாமல் இரு பிரதி எழுதி, சாவிக்கொத்தோடு ஒன்றை அதிகாரிகளிடம் கொடுத்து, மற்றதில் கையெழுத்துக் கேட்டு அந்திவரை நின்றார். கையெழுத்துக் கிடைக்கவில்லை. அந்தப் பிரதி, ஓரம் செல்லரித்து, என் தகரப்பெட்டியில் இருக்கிறது; நீ வரும்போது காட்டுவேன்.

ஆகையால் அடுத்த கூட்டத்துக்கும் போ. சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு போய், நிதானமாக வாசித்து, நடவடிக்கைப் புத்தகத்தில் பதியச் சொல். உன்னை எதிர்த்தவர் வீட்டு நிக்காஹ் ஒன்று வருமானால் முதல் ஆளாய்ப் போய் நில். கை தூக்கிய அந்த இருவர் யாரென்று நீ எழுதவேயில்லை. அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன் நன்னா