கணக்கு அழிந்தால் கணனியைத் தொடாதீர்கள்

லிந்துலையில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து மக்கள் சம்பளம் வரும்வரை கடனுக்குச் சாமான் எடுப்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் கணனியில்தான். ஒருநாள் காலை பார்த்தால் பதினேழு பேரின் நிலுவை பூச்சியம்! கடையில் நின்ற பையன் மீது சந்தேகப்பட்டு அன்றே நிறுத்திவிட்டேன். இரவு முழுவதும் கோப்புகளைத் திறந்து தேடினேன். மறுநாள் பழுதுபார்ப்பவரை அழைத்து மென்பொருளை மீண்டும் ஏற்றினேன்.

பின்னர் வந்து பார்த்த நிபுணர் தலையில் கைவைத்தார். அழித்த கோப்பு உடனே மறைந்துவிடாதாம். பட்டியலிலிருந்துதான் நீங்கும், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கலாம். (புதிய எஸ்.எஸ்.டி. வகைகளில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு.) நான் ஏற்றிய மென்பொருள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியைக் கொள்ளையிட்டவர்களும் பணப்பரிமாற்றப் பதிவுகளை அழிக்கும் மென்பொருளை ஏவியிருந்தார்கள். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலர் பெறுநர் பெயரிலிருந்த எழுத்துப் பிழையால் பிடிபட்டது. அந்த மென்பொருளின் தடயமும் பின்னர் சிக்கியது.

புலனாய்வாளர்கள் மூலத் தட்டில் கைவைப்பதில்லை. எதையும் எழுதவிடாத கருவியொன்றை இணைத்து முழுத் தட்டையும் பிரதியெடுப்பார்கள். இரண்டுக்கும் 'ஹேஷ்' எண் கணக்கிடுவார்கள். ஓரெழுத்து மாறினாலும் எண் மாறிவிடும், கைரேகை போல.

இதைவிடச் சிக்கல் நேரம். என் கணனியின் உள் பற்றரி செத்திருந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் திகதி பல வருடம் பின்னால் ஓடியிருக்கிறது. கடையில் மூவருக்கும் ஒரே கடவுச்சொல் வேறு. பையன்தான் அழித்தான் என்பதற்கோ, அழிக்கவில்லை என்பதற்கோ என்னிடம் எதுவுமில்லை. ஊரில் அவன் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டப்படி கணனிப் பதிவு நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம். ஆனால் கணனி ஒழுங்காக இயங்கியதைக் காட்ட வேண்டும். என் பற்றரியை வைத்துக்கொண்டு எங்கே காட்டுவது?

பொலிஸுக்குப் போனால் கணனியைத் தூக்கிச் சென்றுவிடுவார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டமோ, வழமையான தொழில் தடைப்படாமல் சோதனையிட முயல வேண்டும் என்கிறது. எடுத்துச் சென்றே ஆக வேண்டுமென்றால் பொருட்பட்டியல் கேட்டு வாங்குங்கள். தரவின் பிரதியையும் கோரலாம்.

பொலிஸார் வரும்வரை இணைய வயரைக் கழற்றிவிட்டு, யார் எப்போது கணனியைத் தொட்டார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கண்காணிப்புக் கெமரா இருந்தால் அதன் பதிவை அன்றே பிரதியெடுக்கச் சொல்லுங்கள். சில நாட்களில் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும்.