ஆக்சிஜன் உணரி: பழுதைக் கண்டறியும் பாடம்

பன்னிரண்டாம் வகுப்பில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை நடத்தி முடித்ததும், "இது எங்கே சார் பயன்படுது?" என்று ஒரு மாணவராவது கேட்பார். பள்ளி வாசலில் நிற்கும் காரைக் காட்டலாம். 1976-இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் உணரி முதன்முதலாக இடம்பெற்றது. இன்று பெட்ரோல் கார்களில் மட்டுமல்ல, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வெளியான பெரும்பாலான இரு சக்கர வாகனங்களிலும் அது இருக்கிறது. பட்டறையில் 'ஓ-டூ சென்சார்' என்பார்கள்.

புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் இந்த உணரியின் நுனி சிர்கோனியா என்னும் பீங்கானால் ஆனது. அதன் உட்புறம் வெளிக்காற்று, அதாவது 21 சதவீத ஆக்சிஜன், வெளிப்புறம் புகை. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் ஆக்சைடு அயனிகள் பீங்கானின் ஊடே நகர்கின்றன, மின்னழுத்தம் பிறக்கிறது. செறிவு மின்கலம்தான்.

இங்கே மாணவர்கள் தடுமாறுவார்கள். புகையில் ஆக்சிஜன் கூடினால் வோல்ட்டும் கூடும் என்பார்கள். நேர்மாறானது. எங்கள் கொள்ளிடக் கரைப் பிள்ளைகளுக்கு மடையைச் சொன்னால் புரிகிறது: மடையின் இரு பக்கமும் நீர்மட்டம் சமமானால் தண்ணீர் ஓடாது, வேறுபாடு கூடக் கூட வேகம் கூடும். பெட்ரோல் மிகுந்தால் புகையில் ஆக்சிஜன் அநேகமாக இராது, வேறுபாடு பெரிது, சுமார் 0.9 வோல்ட். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவைக் காக்க, எஞ்சினின் கணினி இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

இனி பழுது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது, மைலேஜ் குறைகிறது. ஸ்கேனரில் பி0171 என்று வருகிறது: கலவையில் பெட்ரோல் குறைவு. உடனே உணரியை மாற்றிவிடுவது பல இடங்களில் வழக்கம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஆயிரக்கணக்கில் செலவு. சில நாளில் விளக்கு மறுபடி எரியும். ஏனென்றால் அந்தக் குறியீடு உணரி கெட்டது என்று சொல்லவே இல்லை. காற்றுக் குழாயில் விரிசல் இருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அதே அளவு காட்டும். கணினி வீணாகப் பெட்ரோலைக் கூட்டும்.

உணரியைச் சோதிப்பது எளிது. எஞ்சின் நன்றாகச் சூடானபின் சமிக்ஞை ஒயரில் டிஜிட்டல் மல்டிமீட்டரை இணைத்தால், 0.1-க்கும் 0.9-க்கும் இடையே அளவு ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி விட வேண்டும். அழுத்தும்போது ஏறி, விட்டதும் இறங்கினால் உணரி நலம், கோளாறு வேறெங்கோ. அசையவே இல்லையென்றால் பியூஸ், ஒயர் இணைப்பு, உணரிக்குள் இருக்கும் சூடேற்றி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூடேற்றியின் மின்தடை சில ஓம்கள்தான் இருக்கும். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. அப்போதுதான் மாற்றவேண்டும். (அகன்ற அளவு உணரி உள்ள கார்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

புதியதைப் பொருத்தும்போது மரையில் தடவும் பசை நுனியில் படக்கூடாது. அருகில் சிலிக்கான் பசை பயன்படுத்தினால் அதன் ஆவியே உணரியைக் கெடுத்துவிடும்.

வகுப்பில் காரைக் கழற்ற வேண்டியதில்லை. மெக்கானிக் ஒருவரைத் திறந்தவெளியில் செய்துகாட்டச் சொல்லலாம். மூடிய அறையில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து, புகைக்குழாய் கையைச் சுடும். அதுவும் இயலாவிட்டால் அளவுகளை அட்டைகளில் எழுதிக் குழுக்களிடம் தரலாம். "0.1 வோல்ட்டில் நிற்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் 0.8 ஆகிறது. உணரியை மாற்றலாமா?" ஆம், இல்லை என்ற விடையோடு விடாமல், அடுத்து எந்த ஒரு சோதனையைச் செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். மதிப்பெண்ணை அதற்கே தருவேன்.

முந்திக்கொள்ளும் குழுவுக்கு ஒரு கடினமான அட்டை: வினையூக்கி மாற்றிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது உணரி ஏறி இறங்காமல் 0.7 வோல்ட்டில் நிலையாக நிற்கிறது. பழுது என்பார்கள். மாற்றி ஆக்சிஜனைச் சேமித்துச் செலவிடுவதால் அந்த இடத்தில் நிலையாக நிற்பதே சரி. முன் உணரியைப் போலவே ஆடினால்தான் மாற்றியைச் சந்தேகிக்க வேண்டும்.